ஓய்வு நேரக் கலைகள்: கித்தானில் ஒரு வெண்கலப் பானை

சென்ற இதழின் இறுதியில், இம்மாதம் கரிக்கோல் சித்திரத்தைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தோம். அவ்வாக்கைச் சற்றே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. செம்பூரிலிருந்து வந்த ஒரு கடிதமே அதற்குக் காரணம்.

கடிதம் எழுதியவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மும்பையில் வாழ்ந்தவர். வருகின்ற தை மாதத்தில் இங்குள்ள வீட்டை ஒப்படைத்துவிட்டு, பெங்களூரில் மகனுடைய அடுக்குமாடி இல்லத்திற்குக் குடிபெயரவிருக்கிறார். அவருடைய மனைவியார் திருமணமாகி வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானை, பித்தளைச் செம்பு, ஈயச் சொம்பு, கல்சட்டி ஆகியவை இன்றும் பரண்மேல் இருக்கின்றன. அம்மையார் மறைந்து ஈராண்டுகள் ஆகின்றன. பெங்களூர் வீட்டில் பரண் கிடையாது.

"எதை எடுத்துச் செல்வது, எதை உறவினருக்குக் கொடுப்பது, எதை எடைக்குப் போடுவது என்று மருமகள் பட்டியல் கேட்கிறாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. பட்டியல் எழுதுவதற்கு முன்பாக இவற்றைத் தைலவண்ணத்தில் எழுதி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். பள்ளி நாளில் சித்திரம் பழகியதுண்டு, தைலவண்ணத்தைத் தொட்டதில்லை. மூன்று மாதங்கள் போதுமா?" என்று வினவுகிறார். கைப்பேசியில் படமும் எடுத்துப் பார்த்தாராம். அப்படம் விற்பனைக்கு வைத்த சாமான்போல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

போதும். ஆயின் அம்மூன்று மாதங்களில் முதல் மூன்று வாரங்கள் வண்ணக் குழாயின் மூடியைக்கூடத் திறக்கலாகாது. இதனைக் கூற நமக்குச் சற்று உரிமையுண்டு. அது தவறு செய்து பெற்ற உரிமை.

1981ஆம் ஆண்டில் நாம் மாதுங்காவில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாகக் குடியிருந்தோம். எம் அன்னையாரின் வெண்கலப் பானையைத் தைலவண்ணத்தில் எழுத வேண்டும் என்ற ஆசை அப்போது எழுந்தது. கடைத்தெருவில் பருத்திக் கித்தான் வாங்கினோம். சாமான் வந்த மரப்பெட்டியைப் பிரித்துச் சட்டம் அடித்தோம். சுவருக்குப் பூசி மிகுந்த டிஸ்டெம்பர் ஒரு தகரக் குவளையில் இருந்தது. வெள்ளை வெள்ளைதானே என்று அதனையே கித்தானில் இருமுறை பூசினோம். மறுநாளே வண்ணம் எழுதத் தொடங்கிவிட்டோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் முடிந்தது. அன்னையார் அதனை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, பானையை இப்படி அழுக்காப் போட்டிருக்கே? நேத்துதானே புளி போட்டுத் தேய்ச்சேன்!" என்றார்கள். அவ்வினாவைப் பின்னர் கவனிப்போம்.

பத்தாண்டுகளுக்குள் படத்தின் பின்புறம் பழுப்பேறியது. அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் முன்புறத்து வண்ணம் செதில் செதிலாக உதிரலாயிற்று. இதற்கிடையில் எம் சகோதரியின் திருமணத்தின்போது பானையை நாமே கொண்டுபோய்க் கொடுத்து, எவர்சில்வர் பாத்திரங்களாக மாற்றி வந்தோம். படம்தான் இருக்கிறதே என்று அப்போது சொல்லிக்கொண்டோம். இன்று பானையும் இல்லை, அன்னையாரும் இல்லை. படத்தில் பானையின் வாய் இருந்த இடத்தில் வெறும் கித்தான் தெரிகிறது. செம்பூர் அன்பரின் கடிதம் நம்மை ஏன் இவ்வளவு தொட்டது என்பது வாசகர்களுக்கு இப்போது விளங்கும்.

தவறு எங்கே நிகழ்ந்தது? தைலவண்ணம் நீர்வண்ணம்போல் ஈரம் ஆவியாகி உலர்வதன்று. வண்ணத் தூளைப் பிணைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகிக் கெட்டியான தோலாக மாறுகிறது. அம்மாற்றத்தின்போது அமிலங்கள் உண்டாகின்றன. எண்ணெய் நேரே துணியில் ஊறினால் அதன் இழைகள் பழுத்து முறிந்துபோகும். ஆகையால் துணிக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். டிஸ்டெம்பர் அத்தடுப்பாகாது. அது சுண்ணத் தூள் மிகுந்த பூச்சு. வண்ணத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சித் துணிக்குக் கடத்திவிடும். எண்ணெயை இழந்த வண்ணமோ பிடிப்பற்ற தூளாகிவிடும்.

எண்ணெயைப் பற்றி மற்றொன்று. ஆளிவிதை எண்ணெய் கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள நல்லெண்ணெயைச் சேர்க்கலாமா என்று முன்பொருமுறை ஒரு சகோதரி கேட்டிருந்தார். கூடாது. ஆளிவிதை, வால்நட், கசகசா ஆகியவற்றின் எண்ணெய்கள் காற்றில் இறுகும் இனத்தைச் சேர்ந்தவை. தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் ஒருநாளும் இறுகமாட்டா. நல்லெண்ணெய் பாதி வழி சென்று பிசுபிசுப்போடு நின்றுவிடும். மும்பையின் தூசி முழுவதும் அதன்மேல் வந்து குடியேறும்.

இனி வேலைக்கு வருவோம். முதற்படத்திற்குப் பதினெட்டு அங்குல உயரமும் இருபத்து நான்கு அங்குல அகலமும் கொண்ட சட்டம் ஏற்றது. தச்சரிடம் நன்கு உலர்ந்த மரத்தில் இரண்டங்குல அகலச் சட்டங்கள் நான்கு செய்து தரச் சொல்லுங்கள். முன்பக்கத்தை உட்புறம் நோக்கிச் சரிவாக இழைக்க வேண்டும் என்பதை மட்டும் இருமுறை வலியுறுத்துங்கள். இல்லையேல் மரத்தின் உள்விளிம்பு கித்தானில் பட்டு, சில ஆண்டுகளில் படத்தைச் சுற்றி ஒரு கோடாகத் தெரியும். மூலைகளை ஒட்டிவிடாமல் பொருத்தாகச் செய்து, உட்புறத்தில் சிறு ஆப்புகள் செருக இடம் விடச் செய்வது நலம். கித்தான் தளரும்போது ஆப்பைத் தட்டினால் மூலை விரிந்து துணி மீண்டும் இறுகும். சட்டம் கைக்கு வந்ததும், எதிரெதிர் மூலைகளுக்கிடையே குறுக்காக இருமுறை அளந்து பாருங்கள். இரண்டளவும் ஒத்திருந்தால்தான் அது சதுரம் தப்பாத சட்டம்.

துணியில் ஆளிநார்க் கித்தான் உயர்ந்தது; விலையும் உயர்ந்தது. நெருக்கமாக நெய்த, கனமான பருத்திக் கித்தான் நமக்குப் போதும். கூடாரத்திற்கும் லாரிக்கும் விற்கும் கித்தானில் நீர் புகாதிருக்க மெழுகு முதலியன ஏற்றியிருப்பார்கள். அதில் எந்தப் பூச்சும் பிடிக்காது. வாங்கிய துணியில் சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல துணியாயின் வெந்நீரில் ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் மூன்றங்குலம் கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

துணியை இழுத்துக் கட்டுவதில் ஒரு முறையுண்டு. ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக ஆணி அடித்துச் சென்றால் துணி கோணிக்கொள்ளும். ஒரு பக்கத்தின் நடுவில் ஓர் ஆணி. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தின் நடுவில் இழுத்துப் பிடித்து ஓர் ஆணி. பிறகு மற்ற இரு பக்கங்களின் நடுவிலும் அவ்வாறே. அதன்பின் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என மாறி மாறிச் செல்க. மூலைத் துணியைத் தலையணை உறையின் ஓரம்போல் மடித்துக் கடைசியில் அடிப்பது வழக்கம். விரலால் சுண்டினால் ஓசை எழ வேண்டும். மிருதங்கம் அறிந்த வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது தடுப்புப் பூச்சு. மேனாட்டார் பல நூற்றாண்டுகளாக இதற்குப் பயன்படுத்தியது, நம் தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கும் தோற்பசையின் இனத்தைச் சேர்ந்ததே. இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கிப் பூசுவர். வறண்ட நாடுகளில் அது நன்கு உழைக்கும். மும்பையிலோ ஆனி பிறந்தால் புரட்டாசி முடியும்வரை காற்றே ஈரத்துணியாக இருக்கிறது. தோற்பசை அந்த ஈரத்தை உறிஞ்சித் தளரும். உலர்ந்தபின் மீண்டும் சுருங்கும். அதன்மேல் இறுகிப்போன வண்ணம் இவ்வாட்டத்துக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். பூஞ்சைக்கும் அது நல்ல உணவு. ஆகவே பழைய நூல்களில் கண்டதை அப்படியே செய்ய வேண்டாம். ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் அக்ரிலிக் மீடியம் என்ற பால்போன்ற திரவம் கிடைக்கிறது. அதனை மெல்லியதாக இருமுறை பூசி, ஒவ்வொரு முறையும் முற்றிலும் உலரவிடுங்கள். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையை நீர்விட்டுப் பூசும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதில் அமிலத்தன்மையும் நாளடைவில் பழுப்பேறும் குணமும் இருக்கக்கூடும் என்பதால் நாம் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

தடுப்பின்மேல் வெள்ளைத் தளம். ஜெஸ்ஸோ என்னும் அக்ரிலிக் வெள்ளையை அகலத் தூரிகையால், முதற்பூச்சு நெடுக்காகவும் அடுத்த பூச்சு குறுக்காகவும், மூன்றுமுறை இடுங்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட வேண்டும். மூன்றாவது பூச்சுக்குப் பின் முழுதாக மூன்று நாட்கள் காத்திருங்கள். சுண்ணத் தூளையும் தோற்பசையையும் கலந்து செய்யும் பழங்கால ஜெஸ்ஸோ வேறு. அது பலகைக்கே உரியது. வளையும் கித்தானில் விரிசல் விடும். பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது.

இவ்வளவையும் வெளிப்படையாக எழுதும்போது நமக்கொரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா இளைஞராகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, தைலவண்ணம் அறிந்த அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் அவருக்கு அதனைக் கற்பிக்க மறுத்துவிட்டார் என்றும், நாயக்கரிடம் பயின்றுகொண்டிருந்த ஆறுமுகம் பிள்ளை இரவு நேரங்களில் மறைவாக வந்து வண்ணம் குழைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறுவர். பிற்காலத்தில் அந்த ரவிவர்மாவே இந்த மும்பையில் 1894இல் அச்சகம் தொடங்கி, வீட்டுக்கு வீடு படங்கள் போய்ச் சேர வழிசெய்தார். நாயக்கரின் அச்சமும் நியாயமே. தொழில் அவருடைய சோறு. நமக்கு இது சோறன்று. ஆதலால் அறிந்ததை ஒளிக்கத் தேவையில்லை.

தளம் காய்கின்ற நாட்களில் பாத்திரங்களை அடுக்கிப் பாருங்கள். இவ்வகை ஓவியத்திற்குப் பிரெஞ்சு மொழியில் 'இறந்த இயற்கை' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. டச்சு மொழியிலோ 'அசையாத வாழ்வு' என்ற பொருளில் வழங்குகின்றனர். செம்பூர் அன்பருக்கு டச்சுக்காரர் சொல்லையே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பானை சட்டியை எழுதுவது சிறுபிள்ளைத்தனம் என்று எவரேனும் நகைத்தால் பொருட்படுத்த வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அகாதமி ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, வரலாற்றுக் காட்சிகளை உச்சியிலும் இத்தகைய பொருள்களை அடியிலும் வைத்தது. அந்த அகாதமியே 1728இல், பழங்களையும் விலங்குகளையும் எழுதுபவர் என்ற பெயரிலேயே ஷார்தேனை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பாரிஸ் நகரத் தச்சர் ஒருவரின் மகன் அவர். சமையலறைக்கு நீர் பிடித்து வைக்கும் ஒரு செம்புத் தொட்டியை அவர் எழுதிய படம் இன்று லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. தொட்டி, அதன் குழாய், பக்கத்தில் ஒரு வாளி போன்ற எளிய சமையலறைச் சாமான்களே அதில் உள்ளவை.

அவ்வளவு தொலைவு போவானேன்? கே. எச். ஆரா என்ற ஓவியர் 1914இல் செகந்திராபாத்தை அடுத்த போலாரத்தில் பிறந்து, சிறுவனாகவே வீட்டை விட்டு இந்நகருக்கு ஓடிவந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1947இல் சூசா, ரஸா, ஹுசைன் முதலியோர் கூடி அமைத்த முற்போக்குக் கலைஞர் குழுவில் அவரும் ஒருவர். பூச்சாடியையும் பழத்தையும் பாத்திரத்தையும் அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். பிழைப்புத் தேடி வந்தோரின் ஊரில் அவரை நாம் அடிக்கடி நினைப்பதில்லை என்பது நம் மனக்குறை.

அடுக்கும்போது பரணில் உள்ள எல்லாவற்றையும் இறக்கிவைக்கும் ஆசை தோன்றும். மூன்று பொருள்களுக்கு மேல் வேண்டாம். வெண்கலப் பானை நடுவில் அன்றிச் சற்று ஒருபக்கமாக இருக்கட்டும். அதன் தோளை ஓரளவு மறைத்துக்கொண்டு ஈயச் சொம்பு. முன்னால் ஒரு தேங்காயோ இரண்டு கத்தரிக்காயோ. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். வலக்கையால் எழுதுவோர்க்கு இடப்புறச் சன்னல் வசதி. மேலிருக்கும் மின்விளக்கை அணைத்துவிடுங்கள். வடக்கு நோக்கிய சன்னல் கிடைத்தால் வெயில் இடம் மாறி நிழலைக் குலைக்காது. கிடைக்காதோர் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒன்றரை மணி எழுதினால் போதும். பின்னால் ஒரு பழைய மங்கிய புடவையைத் தொங்கவிடலாம். பாத்திரங்கள் இருக்கும் இடத்தை மேசைமேல் சுண்ணக்கட்டியால் குறித்துவைக்க மறவாதீர். வீட்டில் பெருக்க வருபவர் நல்லெண்ணத்துடன் எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்காக வைத்துவிடுவது உண்டு.

பொருள்களின் ஆயுளையும் கருத வேண்டும். வெற்றிலை ஒரு மணியில் சுருளும். வாழைப்பழம் இரண்டு நாளில் புள்ளியிட்டு வேறொரு பழமாகிவிடும். கத்தரிக்காய் நான்கு நாள் பொறுக்கும். வெங்காயமும் பூண்டும் பொறுமைசாலிகள். மட்டையோடு கூடிய தேங்காய் முனிவர். மிக மெதுவாக எழுதிய செசான், மலர்கள் வாடிப்போவதால் காகிதப் பூக்களை வைத்து எழுதினார் என்று அவரை அறிந்தவர்கள் குறித்துள்ளனர். ஆகவே விரைந்து மாறுவதை முதலில் எழுதி முடித்துவிட்டு, பாத்திரத்திற்குப் பின்னர் வரலாம். அது காத்திருக்கும்.

வரைவதில் பெரும்பாலோர் தவறுவது பானையின் வாயில்தான். மேலிருந்து பார்க்கும் வட்டம் நமக்கு நீள்வட்டமாகத் தெரிகிறது. அதன் இரு ஓரங்களும் கூர்மையல்ல, உருண்டே திரும்பும். கண் மட்டத்துக்கு அருகில் உள்ள வாய் தட்டையாகவும், கீழே உள்ள அடிப்பாகம் அதிக வளைவாகவும் தோன்றும். நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தூக்குக்குண்டாகப் பிடித்துப் பானையின் நடுக்கோட்டைக் குறித்துக்கொண்டு, இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று அளக்கலாம். படத்தைக் கண்ணாடியில் பார்த்தால் கோணல் உடனே தெரிந்துவிடும்.

வெள்ளைத் தளத்தின்மேல் நேரே வண்ணம் இடுவதினும், ரா அம்பர் என்னும் மண்பழுப்பைச் சிறிது டர்ப்பன்டைனில் கரைத்துத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டுத் தொடங்குவது எளிது. வெளிச்சமும் இருளும் எவ்வளவு என்று மதிப்பிட இந்த நடுநிலை உதவும். அதன்மேல் அதே பழுப்பால் உருவங்களைக் குறித்து, நிழல்களை மட்டும் நிரப்புங்கள். மண்பழுப்பு இரண்டு மூன்று நாட்களில் காய்ந்துவிடும். அதுவரை வேறொன்றும் செய்ய வேண்டாம்.

இங்குத் தைலவண்ணத்தின் தலையாய விதி வருகிறது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே செல்லச் செல்ல எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த பூச்சு மெல்ல இறுகும். நெடுநாள் அசைந்துகொண்டே இருக்கும். அது கீழே இருந்து, எண்ணெய் குறைந்த பூச்சு மேலே விரைவில் இறுகிவிட்டால், மேற்பூச்சு வெடிக்கும். எனவே முதற்பூச்சுக்குச் சிறிது டர்ப்பன்டைன், இரண்டாவதற்குக் குழாயிலிருந்து வரும் வண்ணம் அப்படியே, மூன்றாவதற்கு ஒன்றிரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் டைட்டேனியம் வெள்ளையே போதும். துத்தநாக வெள்ளை காலப்போக்கில் கண்ணாடிபோல் முறியக்கூடியது என்றும், அடுக்குகள் பிரிந்துவிடக் காரணமாகிறது என்றும் அண்மைக்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். குழாயின் மேலுள்ள எழுத்தைப் படித்தே வாங்குங்கள். வெறும் வெள்ளை என்ற பெயரில் இரண்டையும் கலந்து விற்பதுண்டு.

இப்போது எம் அன்னையாரின் வினாவுக்கு வருவோம். பளபளவென்று தேய்த்த வெண்கலம் ஏன் படத்தில் அழுக்காகத் தெரிந்தது? வெண்கலம் மஞ்சள் நிறம் என்று நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் பார்ப்பது மஞ்சளை அன்று. தேய்த்த உலோகம் ஒரு கண்ணாடி. சன்னலின் வெண்மை, சுவரின் சாம்பல், கத்தரிக்காயின் ஊதா, எதிரே அமர்ந்திருக்கும் ஓவியரின் கருத்த உருவம் யாவும் அதில் தெரிகின்றன. பானையின் பெரும்பகுதி பழுப்பும் பச்சை கலந்த கருமையுமே. மஞ்சட்காவி ஒரு பட்டையாகவும், தூய மஞ்சள் விரலகலத்திலும், வெண்மை ஒரு பொட்டாகவும் மட்டுமே இருக்கும். நாம் பழுப்பைச் சரியாகவே எழுதியிருந்தோம். அந்தப் பொட்டைத்தான் அஞ்சி அஞ்சி மங்கலாக வைத்துவிட்டோம். சுற்றியுள்ள இருள் ஆழமாகவும் பொட்டு கூர்மையாகவும் இருந்தால்தான் கண் அதனைப் பளபளப்பு என்று ஏற்கும். இதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தோம். அன்னையாருக்கு அன்று விடை கூறத் தெரியவில்லை.

செம்பூர் அன்பர் பாத்திரங்களை எழுதுவதற்கு முன் தேய்க்க வேண்டா என்பது நம் கருத்து. பரணில் இருந்து மங்கிய உலோகத்தில் பிம்பங்கள் மென்மையாகிவிடும். முதன்முறை எழுதுவோர்க்கு அது எளிது. ஈயச் சொம்பு அதனினும் எளிது. அதன் சாம்பலில் சிறிது நீலமும் சிறிது பழுப்பும் கலந்திருக்கும். பளபளப்பு பொட்டாக நில்லாமல் பரவி நிற்கும். ரசம் வைத்து வைத்து நெளிந்த இடங்களை நேராக்காமல் அப்படியே எழுதுங்கள். கல்சட்டியின் கருமைக்குக் கறுப்பு வண்ணத்தைத் தொடாமல், அல்ட்ராமரைன் நீலத்தையும் சுட்ட சியன்னாப் பழுப்பையும் கலந்து பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து ஒளியும் நிழலும் மட்டும் நிற்கும் என்று ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடி அணிந்த நம்போன்ற முதியோர் அதைக் கழற்றிவிட்டாலே போதும்.

சிறிய வீடுகளில் வாழ்வோர்க்குச் சில எச்சரிக்கைகள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு வையுங்கள். டர்ப்பன்டைனைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் கேஸ் அடுப்பை மூட்டலாகாது, சன்னல் திறந்திருக்கட்டும். காட்மியம் கலந்த வண்ணங்களும், எங்கேனும் கிடைத்தால் ஈய வெள்ளையும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. நாம் கையால் உண்பவர்கள். தூரிகையைக் கீழே வைத்ததும் நகக்கண் வரை சோப்பிட்டுக் கழுவிய பின்னரே இலைமுன் அமர வேண்டும்.

அன்பரின் மூன்று மாதக் கணக்கு இவ்வாறாகும். மழை ஓய்ந்துவிட்டது, இம்மாதத்திலேயே சட்டத்தையும் கித்தானையும் முடித்துவிடலாம். ஐப்பசிக் கடைசியில் பழுப்புப் பூச்சு. கார்த்திகை முழுவதும் வண்ணம், பூச்சுக்குப் பூச்சு ஒரு வாரம் இடைவெளி விட்டு. மார்கழியில் தூரிகையைக் கழுவி வைத்துவிட வேண்டும். தை வரை படம் காயட்டும். தொட்டால் ஒட்டாது என்ற நிலைதான் அப்போது வந்திருக்கும். உள்ளே இறுகுவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகும். மெருகு எண்ணெயை ஆறு மாதங்களுக்கு முன் பூசலாகாது. அதனை ஆடி கழிந்தபின் பெங்களூரிலேயே, காற்றுக்குச் சன்னலை மூடிக்கொண்டு பூசுவதே சரி.

பயணத்திற்காகப் படத்தைச் சுருட்ட வேண்டாம். செய்தித்தாளையோ குமிழிப் பிளாஸ்டிக் உறையையோ அதன் முகத்தில் படவிடவும் வேண்டாம்; இளவண்ணத்தில் அச்சுப் பதிந்துவிடும். நான்கு மூலைகளிலும் தடித்த அட்டைத் துண்டுகளைச் செருகி, படத்துக்கும் உறைக்கும் இடையே ஓர் அங்குல வெளி இருக்குமாறு கட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடாதீர். ஆளிவிதை எண்ணெய் இருளில் மஞ்சளிக்கும். நேர்வெயில் படாத வெளிச்சத்தில் மாட்டினால் அம்மஞ்சள் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இன்னுமொன்று. படத்தின் பின்னால் துணியில் மையால் எழுதாமல், சட்டத்தின் மரத்தில் பென்சிலால், எந்தப் பாத்திரம், எவ்வூரில் வாங்கியது, யாருடையது என்று குறித்துவையுங்கள். எம் பழைய படத்தின் சட்டத்தில் அன்னையார் எழுதிய வரி இன்றும் அழியாமல் இருக்கிறது: "கும்பகோணம். கல்யாணச் சீர். இரண்டு படி."

பானையோடு சீராக வந்த உருளி சகோதரியின் வீட்டில், டோம்பிவிலியில் இருந்தது. சென்ற வாரம் அதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். புதுக் கித்தானில் மூன்றாவது வெள்ளைப் பூச்சு நேற்றிரவு முடிந்தது. வியாழக்கிழமை வரை தொடுவதற்கில்லை.

தூரிகைகளில் எது நல்லது, பன்றிமயிரா அணில்மயிரா என்று கேட்ட முலுண்டு சகோதரிக்கும், கரிக்கோலுக்காகக் காத்திருப்போர்க்கும் அடுத்த இதழில் விடை கூறுவோம்.